பிரபஞ்சம் விரியுது, டார்க் எனர்ஜி: எங்கிட்ட திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள்

கோத்தகிரி பக்கம் ஃபிசிக்ஸ் ட்யூஷன் எடுக்கறேன். பனிக்காலத்துல வானம் தெளிஞ்சிருக்கற ராத்திரில மாடில டெலஸ்கோப் வச்சு பசங்களுக்கு காட்டுறது வழக்கம், பசங்க கூடவே அப்பா அம்மா வருவாங்க, பக்கத்து ஹோம்ஸ்டேல தங்கியிருக்கறவங்க வருவாங்க, அவங்கள ஏத்திட்டு வந்த டிரைவர் அண்ணனும் வருவாரு. சனியோட வளையத்தை பாத்து முடிச்சதும் பேச்சு எப்படியோ சுத்தி டார்க் எனர்ஜில (பிரபஞ்சம் விரியற வேகத்த கூட்டற, என்னன்னு தெரியாத ஒண்ணு) வந்து நிக்கும், சந்தேகம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறவே மாறாது. அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல டைப் பண்ணி போட்டுட்டேன், கேட்டவங்க கேட்ட மாதிரியே. நம்பர் போட்டிருக்கேன், ஏன்னா பின்னாடி வர்ற பதில்ல முன்னாடி சொன்னத திரும்ப சொல்ல மாட்டேன்.

1. "மிஸ், பிரபஞ்சம் விரியுதுன்னா ஊட்டி, எங்க வீடு, நான் எல்லாமே சேர்ந்து பெருசாகுதா?"

இல்லப்பா. விரியறது கேலக்ஸி கூட்டங்களுக்கு நடுவுல இருக்கற தூரம் மட்டும்தான். ஈர்ப்பு விசையோ மின் விசையோ இறுக்கிப் பிடிச்சு வச்சிருக்கற எதுவும் விரியாது, அதாவது உன் உடம்பு, இந்த மலை, பூமி, சூரிய குடும்பம், நம்ம பால்வீதி மொத்தமுமே அப்படியேதான் இருக்கும். குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையில தூரம் கூடின மாதிரி தோணுச்சுன்னா அது சீசன் டிராஃபிக்.

நிலா வருஷத்துக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மள விட்டு விலகுதே அது என்னன்னு சில பேர் மடக்குவாங்க. அது வேற கணக்கு, கடல் அலை ஏற்ற இறக்கத்தால பூமியோட சுழற்சி கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சு அந்த விசை நிலாவ வெளிய தள்ளுது, பிரபஞ்ச விரிவுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

2. "விரியுதுன்னு எப்படி கண்டுபிடிச்சாங்க, யாராச்சும் டேப் வச்சு அளந்தாங்களா?"

கிட்டத்தட்ட அளந்தாங்கன்னே சொல்லலாம். ரெண்டு விஷயம் வேணும், எவ்வளவு வேகமா விலகுது, எவ்வளவு தூரத்துல இருக்கு. வேகத்துக்கு வெளிச்சத்த நிறமாலையா பிரிச்சு பாக்கணும், அதுல ஒவ்வொரு தனிமத்துக்கும் குறிப்பிட்ட இடத்துல கோடுங்க இருக்கும், பொருள் விலகிப் போனா அந்த கோடுங்க சிவப்பு பக்கம் நகரும், கிட்ட வந்தா நீல பக்கம் நகரும். இந்த வித்தை நம்ம மலைக்காரங்களுக்கு புதுசு இல்ல, கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துல 1909ல ஜான் எவர்ஷெட் இதே கோடு நகர்தல வச்சுத்தான் சூரியப் புள்ளியோட ஓரத்துல வாயு வெளிப்பக்கமா ஓடுதுன்னு கண்டுபிடிச்சாரு, இன்னிக்கும் அதுக்கு எவர்ஷெட் விளைவுன்னுதான் பேரு. அவர் பண்ணது சூரியனுக்கு. மூணு வருஷம் கழிச்சு அமெரிக்காவுல வெஸ்டோ ஸ்லைஃபர் அதையே நம்ம பக்கத்து கேலக்ஸியான ஆண்ட்ரோமீடாவுக்கு பண்ணாரு, அப்புறம் வரிசையா மத்த கேலக்ஸிங்களுக்கும் பண்ணாரு. பெரும்பாலானது சிவப்பு பக்கம் நகர்ந்திருந்துச்சு.

தூரம்தான் கஷ்டம். ஹென்ரியட்டா லீவிட்னு ஒரு அம்மா, ஹார்வர்டுல ஃபோட்டோ தகடுங்கள பாத்து பாத்து, செஃபீட்னு ஒரு வகை நட்சத்திரம் எவ்வளவு மெதுவா மினுங்குதோ அவ்வளவு பிரகாசம்னு 1912ல நிரூபிச்சாங்க. மினுங்குற நேரத்த அளந்தா உண்மையான பிரகாசம் தெரியும், கண்ணுக்கு எவ்வளவு மங்கலா தெரியுதுங்கறத அதோட ஒப்பிட்டா தூரம் கிடைச்சிடும். எட்வின் ஹபிள் இத வச்சு 1929ல தூரத்தையும் வேகத்தையும் ஒரே வரைபடத்துல போட்டாரு: தூரம் ரெண்டு மடங்குன்னா வேகமும் ரெண்டு மடங்கு. ஆனா அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே பெல்ஜியம் பாதிரியார் லெமேத்ர் இதையே கணக்கு போட்டு எழுதிட்டாரு, யாரும் கவனிக்கல. 2018ல உலக வானியலாளர் சங்கம் ஓட்டு போட்டு இனிமே இது ஹபிள்-லெமேத்ர் விதின்னு அறிவிச்சாங்க. லீவிட் பேர எதுலயும் சேக்கலங்கறது என்னோட தனிப்பட்ட ஆதங்கம்.

3. "எல்லாமே நம்மள விட்டு ஓடுதுன்னா நாமதான் நடு சென்டர்ல இருக்கோம், கரெக்டா?"

எஸ்டேட்ல டீ செடி வரிசை வரிசையா நட்டிருக்கறத நினைச்சுக்கோங்க. வரிசைக்கு வரிசை 4 அடி. மாயமந்திரம் மாதிரி ஒரு மணி நேரத்துல எல்லா இடைவெளியும் 5 அடி ஆயிடுச்சுன்னு வைங்க. நீங்க எந்த வரிசையில நிக்கறீங்களோ அங்கருந்து பாத்தா அடுத்த வரிசை 1 அடி தள்ளிப் போயிருக்கும், பத்தாவது வரிசை 10 அடி தள்ளிப் போயிருக்கும். தூரத்துல இருக்கறது வேகமா போன மாதிரி தெரியும், ஆனா எந்த வரிசையும் நடக்கல, இடைவெளிதான் வளந்துச்சு. மேல் வரிசையில கொழுந்து பறிக்கற அக்காவ கேட்டாலும் இதையேதான் சொல்வாங்க, கீழ் வரிசையில இருக்கறவங்களும் இதையேதான் சொல்வாங்க. எல்லாருக்கும் தான்தான் நடுவுல இருக்கற மாதிரி தோணும், நிஜத்துல நடுன்னு ஒண்ணே கிடையாது.

ஒரே ஒரு எச்சரிக்கை, எஸ்டேட்டுக்கு வேலி இருக்கும், பிரபஞ்சத்துக்கு வேலி இருக்கறதா எந்த அளவீடும் காட்டல. அத மட்டும் மனசுல இருந்து எடுத்துடுங்க.

4. "அப்போ பிக் பேங் எந்த இடத்துல வெடிச்சுது?"

இங்கயும்தான், எல்லா இடத்துலயும்தான். போன பதில்ல சொன்ன வரிசைங்கள பின்னோக்கி நெருக்கிட்டே போனா எல்லாமே ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், தனியா ஒரு வரிசைய காட்டி இதுதான் ஆரம்பம்னு சொல்ல முடியாது. 1,380 கோடி வருஷம் முன்னாடி எல்லா இடமும் சூடா, அடர்த்தியா இருந்துச்சு, அந்த சூட்டோட மிச்சம் இன்னிக்கும் எல்லா திசையிலருந்தும் மைக்ரோவேவ் கதிரா வந்துட்டே இருக்கு, பூஜ்ஜியத்துக்கு கீழ 270 டிகிரி செல்சியஸ்ல. 1965ல பென்சியாஸ், வில்சன்னு ரெண்டு பேர் ஆன்டெனால வர்ற இரைச்சல் எங்கருந்துன்னு தெரியாம புறா எச்சத்தையெல்லாம் கழுவி பாத்து, கடைசில அதுதான் இதுன்னு தெரிஞ்சுது.

5. "போன மாசம் ஆண்ட்ரோமீடா நம்ம பக்கம் வருதுன்னு நீங்களே சொன்னீங்க மிஸ், இப்ப எல்லாம் விலகுதுன்றீங்க, எது உண்மை?"

ரெண்டும் உண்மை. 1வது பதில்ல சொன்னதுதான், ஈர்ப்பு ஜெயிக்கற இடத்துல விரிவு இல்ல. ஆண்ட்ரோமீடா 25 லட்சம் ஒளியாண்டு (ஒளி ஒரு வருஷத்துல போற தூரம்தான் ஒரு ஒளியாண்டு) தூரத்துலதான் இருக்கு, அதுவும் நம்ம பால்வீதியும் இன்னும் பல குட்டி கேலக்ஸிங்களும் ஒரே குடும்பம், ஒண்ண ஒண்ணு இழுத்துட்டு இருக்கு. ஸ்லைஃபர் முதல்ல அளந்ததே நீல பக்கம் நகர்ந்த கேலக்ஸிதான்.

மோதிடுமேன்னு பயப்படறவங்களுக்கு ஒரு தகவல், நிச்சயமா மோதும்னு ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்தாங்க, 2025ல வந்த புது கணக்குப்படி அடுத்த 1,000 கோடி வருஷத்துல மோதறதுக்கு பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு.

6. "ஊட்டி பக்கம் முத்தொரைல மலைச்சரிவுல படுத்திருக்கே அந்த டெலஸ்கோப், அதுக்கும் இதுக்கும் ஏதாச்சும் சம்பந்தம் இருக்கா?"

இருக்கு, இது நம்ம ஊர்க்காரங்களுக்கே தெரியாம இருக்கறது எனக்கு ரொம்ப வருத்தம். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் கட்டி 1970ல வேலைக்கு வந்த ரேடியோ டெலஸ்கோப் அது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 24 பரவளைய சட்டம், அதுமேல நீளவாக்குல 1,100 மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி. ஏன் சமதளத்துல கட்டாம சரிவுல கட்டினாங்கன்னா ஊட்டியோட அட்சரேகை சுமார் 11 டிகிரி, அந்த சரிவும் தெற்கு வடக்கா சுமார் 11 டிகிரி, அதனால டெலஸ்கோப்போட அச்சு பூமியோட அச்சுக்கு இணையா அமைஞ்சிடுது. ஒரே அச்சுல மெதுவா திருப்பினா போதும், ஒரு பொருளை கிழக்குலருந்து மேற்கு வரைக்கும் ஒன்பது மணி நேரத்துக்கு மேல விடாம தொடரலாம். மலையையே ஸ்டாண்டா பயன்படுத்தினாங்க, இந்த ஒரு யோசனைக்கே தனியா பாராட்டணும்.

அந்த டெலஸ்கோப் பண்ண முக்கியமான வேலைக்கு நிலாதான் உதவி. நிலா வானத்துல நகரும்போது பின்னாடி இருக்கற ரேடியோ மூலங்கள (ரேடியோ அலை அனுப்பற பொருள்ங்கள) ஒவ்வொண்ணா மறைக்கும், அந்த நொடில சிக்னல் எப்படி விழுது, எப்படி திரும்ப எழுதுன்னு பதிவு பண்ணா அந்த மூலம் எவ்வளவு பெருசுன்னு ரொம்ப நுணுக்கமா கணக்கு போடலாம். இப்படி நூத்துக்கணக்குல அளந்தாங்க. அப்போ ரெண்டு கட்சி இருந்துச்சு, பிரபஞ்சம் ஒரு காலத்துல அடர்த்தியா இருந்து விரிஞ்சு மாறிட்டே வருதுன்னு ஒண்ணு, விரிஞ்சாலும் நடுவுல புது பொருள் உண்டாகி எப்பவும் ஒரே மாதிரிதான் இருக்கும்னு ஃப்ரெட் ஹாயில், நம்ம ஜெயந்த் நார்லிக்கர் மாதிரியானவங்க கட்சி ஒண்ணு. எப்பவும் ஒரே மாதிரின்னா தூரத்துல இருக்கற, அதாவது பழைய காலத்து, ரேடியோ கேலக்ஸிங்களும் இப்ப கிட்ட இருக்கறதும் ஒரே மாதிரி இருக்கணும்ல? 1975ல ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் ஊட்டி அளவுகள வச்சு இல்ல, மாறியிருக்குன்னு காட்டினாங்க. 4வதுல சொன்ன மைக்ரோவேவ் கதிர் ஏற்கனவே அந்த கட்சிய ஆட்டம் காண வச்சிருந்துச்சு, ஊட்டி அளவீடு தனி வழில அதையே சொன்னதுதான் அதோட மதிப்பு.

இன்னொரு விஷயமும் எனக்கு பிடிக்கும். இந்த டெலஸ்கோப் கேக்கறது 326.5 மெகாஹெர்ட்ஸ். ஹைட்ரஜன் வாயு அனுப்பற ரேடியோ அலை 1,420 மெகாஹெர்ட்ஸ், 21 சென்டிமீட்டர் நீளம். சுமார் 1,200 கோடி வருஷம் முன்னாடி கிளம்பின ஹைட்ரஜன் அலை வழியெல்லாம் இழுபட்டு 4.35 மடங்கு நீண்டு சுமார் 92 சென்டிமீட்டரா வந்து சேந்தா, அது கரெக்டா 326.5ல விழும். அந்த ஹைட்ரஜனத் தேடறதுக்காகவே டெலஸ்கோப்ப மேம்படுத்தற வேலையையும் எடுத்தாங்க. அதே ஊட்டில இருக்கற காஸ்மிக் கதிர் ஆய்வகம் வேற, அவங்க பாக்கறது விண்வெளியிலருந்து வர்ற துகள்ங்கள, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

7. "டார்க் மேட்டர், டார்க் எனர்ஜி ரெண்டும் ஒண்ணுதானே, ஏன் ரெண்டு பேரு?"

நேர் எதிர் வேலை பாக்கற ரெண்டு விஷயம். டார்க் மேட்டர் இழுக்கும், கேலக்ஸிய சுத்தி குவிஞ்சு கிடக்கும். டார்க் எனர்ஜி எங்கயும் குவியாது, எல்லா இடத்துலயும் சமமா பரவியிருக்கும், விரிவ வேகமாக்கும். கணக்குப்படி பிரபஞ்சத்துல நமக்கு தெரிஞ்ச அணுக்கள் 5 சதவீதம், டார்க் மேட்டர் 27, டார்க் எனர்ஜி 68.

8. "ஏனுங்க டீச்சர், விரியுதுங்கறது சரி, வேகம் கூடிட்டே போகுதுன்னு எதை வச்சு சொல்றாங்க?"

நல்ல கேள்விங்க அண்ணா. இங்க நம்ம சென்னை பிரசிடென்சி காலேஜ்ல படிச்ச சந்திரசேகர கூப்பிடணும். 1930ல இங்கிலாந்துக்கு கப்பல்ல போகும்போது 19 வயசுல ஒரு கணக்கு போட்டாரு, எரிஞ்சு முடிஞ்ச வெள்ளைக் குள்ளன் நட்சத்திரத்துக்கு ஒரு எடை வரம்பு இருக்கு, சுமாரா சூரியன மாதிரி 1.4 மடங்கு, அதுக்கு மேல தாங்காது. பக்கத்துல இருக்கற நட்சத்திரத்துலருந்து பொருள உறிஞ்சியோ இன்னொரு வெள்ளைக் குள்ளனோட சேந்தோ அந்த நிலைய நெருங்கறப்போ மொத்தமா வெடிச்சு சிதறுது. இதுக்கு டைப் 1ஏ சூப்பர்நோவான்னு பேரு. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே பிரகாசம், இருக்கற சின்ன வித்தியாசத்தையும் வெளிச்சம் எவ்வளவு நாள்ல மங்குதுன்னு பாத்து சரி பண்ணிக்கலாம். செஃபீட் எட்டாத தூரத்துக்கு இதுதான் அளவுகோல்.

1990கள்ல ரெண்டு குழு போட்டி போட்டுட்டு தூரத்து சூப்பர்நோவாங்கள தேடினாங்க. அவங்க தேடினது விரிவு எவ்வளவு மட்டுப்பட்டிருக்குங்கறத, ஏன்னா ஈர்ப்பு இழுக்கறதால வேகம் குறைஞ்சுதான் ஆகணும்னு எல்லாரும் நம்பினாங்க. கிணறு வெட்ட பூதம் கிளம்பின கதையாயிடுச்சு. தூரத்து சூப்பர்நோவாங்க எதிர்பாத்தத விட மங்கலா, 10லருந்து 15 சதவீதம் அதிக தூரத்துல இருந்துச்சு. குறைய வேண்டிய வேகம் கூடியிருந்தாத்தான் அப்படி வரும். 1998ல ஒரு குழு, கையோட இன்னொரு குழு, ரெண்டும் ஒரே பதில். 2011ல பெர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ் மூணு பேருக்கும் நோபல். ஒரே குழு மட்டும் சொல்லியிருந்தா யாரும் நம்பியிருக்க மாட்டாங்கன்னு நினைக்கறேன்.

9. "நடுவுல தூசி இருந்து மங்கலா தெரிஞ்சிருக்கலாம்ல? இதுக்குப் போயி நோபலா?"

இந்த சந்தேகம் அவங்களுக்கே வந்துச்சு. சாதாரண தூசி வெளிச்சத்த மங்கலாக்கறதோட சிவப்பாவும் ஆக்கும், அத நிறத்த வச்சு பிடிச்சிடலாம். சிவப்பாக்காத விசேஷ தூசின்னு வச்சுக்கிட்டாலும், தூரம் போகப் போக மங்கல் கூடிட்டேதான போகணும்? ஹபிள் விண்வெளி தொலைநோக்கி வச்சு இன்னும் தூரத்துல பாத்தப்போ அங்க அப்படி கூடல. ஏன்னா அது சுமார் 500, 600 கோடி வருஷத்துக்கு முந்தின காலம், அப்ப பொருள் நெருக்கமா இருந்ததால ஈர்ப்பு கை ஓங்கியிருந்துச்சு, விரிவு மட்டுப்பட்டுட்டுதான் இருந்துச்சு, அதுக்கப்புறம்தான் வேகம் எடுத்துச்சு. தூசியால இப்படி ஒரு திருப்பத்த காட்ட முடியாது.

அதுபோக சூப்பர்நோவாவே இல்லாம, மைக்ரோவேவ் கதிர்ல இருக்கற புள்ளிங்களும் கேலக்ஸிங்க பரவியிருக்கற விதமும் அதே 68 சதவீதத்துக்கு பக்கத்துல வந்து நிக்குது. ஒத்தக்கால்ல நிக்கற முடிவு இல்ல இது.

10. "சுத்தி வளைக்காம சொல்லுங்க, டார்க் எனர்ஜின்னா என்னதான்?"

வேகம் கூடுதுங்கறது அளவீடு. டார்க் எனர்ஜிங்கறது அதுக்கு காரணமா இருக்கறதுக்கு நாம வச்சிருக்கற பேரு. யாரும் அத பாட்டில்ல பிடிச்சு காட்டல, இந்த ரெண்டையும் பிரிச்சு புரிஞ்சுக்கிட்டா பாதி குழப்பம் போயிடும், யூட்யூப்ல வர்ற பாதி வீடியோவும் தேவையில்லன்னு ஆயிடும். ஆனா அந்த காரணம் எப்படி நடந்துக்குதுன்னு நல்லாவே தெரியும். பிரபஞ்சம் விரியும்போது அணுக்கள் கலைஞ்சு அடர்த்தி குறையுது, இது மட்டும் குறையவே மாட்டேங்குது, இல்ல குறைஞ்சாலும் ரொம்ப கொஞ்சம். ஒரு கன மீட்டருக்கு மூணு நாலு ஹைட்ரஜன் அணுவோட எடைக்கு சமம், அவ்வளவுதான். பூமி அளவுக்கு ஒரு இடத்த எடுத்தா அதுக்குள்ள மொத்தமா 6 மில்லிகிராம். அதனாலதான் நம்ம வீட்லயோ சூரிய குடும்பத்துலயோ இது எந்த வேலையும் காட்டாது, கேலக்ஸிங்களுக்கு நடுவுல இருக்கற வெத்து இடம் கோடிக்கணக்கான ஒளியாண்டு நீளும்போதுதான் கூட்டுத்தொகை பெருசாகுது. ஐன்ஸ்டீன் சமன்பாட்டுல ஈர்ப்ப உண்டாக்கறது எடை மட்டும் இல்ல, அழுத்தமும் சேரும். விரிஞ்சும் அடர்த்தி குறையாத ஒரு பொருளுக்கு அழுத்தம் நெகட்டிவா இருந்தாகணும், அந்த நெகட்டிவ் அழுத்தம் எடையோட ஈர்ப்ப தாண்டிப் போயி விலக்கற பக்கம் கணக்க கொண்டு போயிடுது.

என்னவா இருக்கலாம்னு கேட்டா மூணு யூகம் இருக்கு. வெற்றிடத்துக்கே உள்ள மாறாத ஆற்றல், இதுதான் காஸ்மாலஜிகல் கான்ஸ்டன்ட், இதுவரைக்கும் பெரும்பாலான அளவுகளுக்கு இதுவே ஒத்துப்போகுது, ஆனா குவாண்டம் இயற்பியல வச்சு வெற்றிட ஆற்றல கணக்கு போட்டா 1 போட்டு பின்னாடி 120 பூஜ்ஜியம் போட்ட அளவுக்கு அதிகமா வருது, இயற்பியல்ல இத விட கேவலமா தோத்த கணக்கு வேற கிடையாது. ரெண்டாவது, மெதுவா மாறிட்டே இருக்கற ஒரு புலம். மூணாவது, அப்படி எதுவும் இல்ல, பெரிய தூரத்துல ஈர்ப்பு விதியே வேற மாதிரின்னு.

மூணாவதுக்கு 2017ல பலமா ஒரு அடி விழுந்துச்சு. ரெண்டு நியூட்ரான் நட்சத்திரம் மோதினதோட ஈர்ப்பலையும் காமா கதிரும் சுமார் 13 கோடி ஒளியாண்டு ஓடி வந்து 1.7 வினாடி வித்தியாசத்துல சேந்துச்சு. ஈர்ப்பலை வேற வேகத்துல போகும்னு சொன்ன கொள்கைங்க ஒரே நாள்ல காலி.

11. "ஐன்ஸ்டீனே இது என் பெரிய தப்புன்னு சொன்னாராமே?"

1917ல பிரபஞ்சம் அசையாம நிக்குதுன்னு நினைச்சு, ஈர்ப்பால உள்ள விழுந்துடாம இருக்க 10வதுல சொன்ன காஸ்மாலஜிகல் கான்ஸ்டன்ட்ட தன் சமன்பாட்டுல சேத்தாரு. விரியுதுன்னு தெரிஞ்சதும் தூக்கி போட்டுட்டாரு. "பெரிய தப்பு"ங்கற வார்த்தை ஜார்ஜ் காமோவ் மூலமா வெளிய வந்தது, ஐன்ஸ்டீன் கைப்பட எழுதினது இல்ல. அவர் சேத்த காரணம் வேற, இப்ப நாம திரும்ப எடுத்த காரணம் வேற, அதனால அவர் முன்னாடியே கண்டுபிடிச்சிட்டாருன்னு சொல்றதும் கொஞ்சம் ஓவர்.

12. "ஆற்றல ஆக்கவும் முடியாது அழிக்கவும் முடியாதுன்னு படிச்சோமே, இடம் கூடக் கூட டார்க் எனர்ஜியும் கூடினா அது எங்கருந்து வருது?"

பதினொண்ணாங்கிளாஸ் பையன் கேட்டான், அன்னிக்கு முழுக்க சந்தோஷமா இருந்தேன். ஆற்றல் அழிவின்மை விதி எப்ப செல்லும்னா, காலப்போக்குல பின்னணி மாறாம இருக்கும்போது. விரியற பிரபஞ்சத்துல பின்னணியே மாறுது, அதனால மொத்த பிரபஞ்சத்துக்கும் சேத்து ஒரு ஆற்றல் கணக்கு எழுதி இவ்வளவுதான், மாறாதுன்னு சொல்ல பொது சார்பியல்ல வழி கிடையாது. சின்ன இடத்துல, ஆய்வகத்துல, பூமில எல்லாம் விதி கச்சிதமா செல்லும், பரீட்சைல மாத்தி எழுதிடாதீங்க.

டார்க் எனர்ஜி மட்டும்தான் இப்படின்னு இல்ல. 4வதுல சொன்ன மைக்ரோவேவ் கதிர் வெளிச்சமா கிளம்பும்போது 3,000 கெல்வின் (பூஜ்ஜியத்துக்கு கீழ 273 டிகிரி செல்சியஸ்லருந்து எண்ணற அளவு), வழில அலை 1,100 மடங்கு நீண்டு இப்ப 3 கெல்வின் கூட இல்ல. அந்த ஆற்றல் எங்கயும் போய் சேரல. கூடறதுக்கு கேள்வி கேக்கறவங்க குறையறதுக்கு கேக்கறதில்ல, அவ்வளவுதான்.

13. "ஒளிய விட வேகமா எதுவும் போகாது, ஆனா கேலக்ஸி போகுதாம், என்ன மிஸ் குண்டக்க மண்டக்கன்னு இருக்கு?"

3வது பதில்ல வரிசைங்க நடக்கலன்னு சொன்னேன்ல, அதான் விடை. ஒளிய முந்தக்கூடாதுங்கறது ஒரு இடத்துல, பக்கத்துல ஓடற பொருளுக்கு. நடுவுல இருக்கற தூரம் வளர்றதுக்கு அந்த தடை இல்ல. சுமார் 1,400 கோடி ஒளியாண்டுக்கு அப்பால இருக்கறது எல்லாமே ஒளிய விட வேகமா விலகுது. 1,380 கோடி வயசு பிரபஞ்சத்துல நாம பாக்கற எல்லை 4,600 கோடி ஒளியாண்டுன்னு சொல்றதும் இதனாலதான், வெளிச்சம் வந்துட்டு இருந்த நேரத்துல அது கிளம்பின இடம் தள்ளிப் போயிடுச்சு.

14. "ஒருத்தர் 67ன்றாரு ஒருத்தர் 73ன்றாரு, விரியற வேகம் எவ்வளவுன்னு கூட தெரியாதா?"

கணக்கு என்னன்னா, 32.6 லட்சம் ஒளியாண்டு தூரத்துக்கு வினாடிக்கு எத்தன கிலோமீட்டர் வேகம் கூடுதுங்கறது. மைக்ரோவேவ் கதிர அளந்த பிளாங்க் செயற்கைக்கோள் வழியா வந்தா 67.4. செஃபீட், சூப்பர்நோவான்னு கிட்டருந்து படிப்படியா அளந்துட்டு போனா ரீஸ் குழுவுக்கு 73. பிழை வரம்பு ரெண்டுலயுமே குறுகிடுச்சு, அதனால ஒண்ணோட ஒண்ணு தொட மாட்டேங்குது. ஜேம்ஸ் வெப் விண்வெளி தொலைநோக்கி வந்து செஃபீட் அளவு தப்பில்லன்னு சொல்லிடுச்சு, ஆனா சிவப்பு அரக்கன் நட்சத்திரங்கள வச்சு அளக்கறவங்களுக்கு 70 பக்கம் வருது. பஞ்சாயத்து முடியல.

ஹபிள் 1929ல போட்டது 500. அப்ப ஏழு மடங்கு தப்பு, இப்ப எட்டு ஒன்பது சதவீதத்துக்கு சண்டை. விரியுதா இல்லையாங்கற கேள்விக்கும் இந்த சண்டைக்கும் சம்பந்தம் இல்லன்னு மட்டும் தெரிஞ்சுக்கோங்க.

15. "டார்க் எனர்ஜி குறைஞ்சிட்டு வருதுன்னு நியூஸ்ல போட்டான், அப்ப சொன்னதெல்லாம் பொய்யா?"

அது டெசின்னு ஒரு கருவி, அமெரிக்காவுல அரிசோனா மலைல 4 மீட்டர் டெலஸ்கோப்ல மாட்டியிருக்காங்க. 5,000 ஃபைபர், ஒவ்வொண்ணையும் ஒரு குட்டி ரோபோ நகர்த்தி ஒவ்வொரு கேலக்ஸி மேல நிறுத்தும், ஒரே நேரத்துல 5,000 நிறமாலை. எத அளக்கறாங்கன்னா, ஆரம்ப காலத்து சூடான வாயுல ஓடின ஒலி அலை நின்னுபோன தடம், அதனால கேலக்ஸிங்க ஒண்ணுக்கொண்ணு சுமார் 50 கோடி ஒளியாண்டு தள்ளி இருக்கறது கொஞ்சம் அதிகமா நடக்கும். அந்த நீளம் தெரிஞ்ச நீளம், ஒவ்வொரு காலத்துலயும் அது எவ்வளவு பெருசா தெரியுதுன்னு பாத்தா விரிவோட வரலாறே கிடைச்சிடும்.

2025 மார்ச்ல ஏறக்குறைய ஒன்றரை கோடி கேலக்ஸி, குவாசார் (தூரத்து கேலக்ஸியோட ரொம்ப பிரகாசமான மையம்) வச்சு முடிவு சொன்னாங்க. மத்த அளவுகளோட சேத்து பாத்தா மாறாத டார்க் எனர்ஜிய விட மெதுவா வலு குறையற டார்க் எனர்ஜி நல்லா பொருந்துது. எவ்வளவு உறுதின்னா, எந்த சூப்பர்நோவா தொகுப்ப சேக்கறீங்கங்கறத பொறுத்து 2.8லருந்து 4.2 சிக்மா (தற்செயலா வந்தது இல்லங்கற உறுதியோட அளவு). இயற்பியல்ல கண்டுபிடிச்சிட்டோம்னு சொல்ல 5 வேணும். தொகுப்ப மாத்தினா நம்பர் இவ்வளவு ஆடுதுங்கறதாலயே நான் இன்னும் நம்பி இறங்கல. ஒருவேளை உறுதியாச்சுன்னா 10வதுல சொன்ன முதல் யூகம் அடிபட்டு ரெண்டாவது முன்னாடி வரும், வேகம் கூடினதுங்கற 1998 அளவீடு அப்படியே இருக்கும்.

16. "கடைசில என்ன ஆகும், எல்லாம் பிச்சுக்கிட்டு போயிடுமா?"

பிச்சுக்கிட்டு போறது டார்க் எனர்ஜி நாளாக நாளாக வலுவாகிட்டே போனா மட்டும், அதுக்கு இப்ப ஆதாரம் இல்ல. மாறாம இருந்தா எல்லாம் விலகி விலகி இருட்டி குளிர்ந்து போகும். 10,000 கோடி வருஷம் கழிச்சு நம்ம கேலக்ஸி குடும்பத்த தவிர வெளிய ஒண்ணுமே தெரியாது, அப்ப இருக்கற வானியல் ஆசிரியருக்கு பிரபஞ்சம் விரியுதுன்னு காட்ட ஒரு கேலக்ஸி கூட கிடைக்காது. வலு குறைஞ்சிட்டே போனா என்ன ஆகும்ங்கறது எவ்வளவு குறையும்ங்கறத பொறுத்தது.

சூரியன் இதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி, 500 கோடி வருஷத்துல வீங்கிடும். உங்க பிளான்ல மாத்தம் வேண்டாம்.

17. "உங்க டெலஸ்கோப்ல டார்க் எனர்ஜி தெரியுமா?"

தெரியாது, எந்த டெலஸ்கோப்லயும் நேரா தெரியாது. ஆனா விரிவுல மாட்டிக்கிட்டு விலகிப் போற கேலக்ஸிங்கள பாக்கலாம். மார்ச் மாசம் ராத்திரி பத்து மணிக்கு மேல கன்னி ராசி பக்கம் 6 இன்ச் டெலஸ்கோப் திருப்பினா எம் 87ங்கற கேலக்ஸி ஒரு மங்கலான வட்டத் திட்டா தெரியும், 5 கோடி ஒளியாண்டுக்கு மேல, வினாடிக்கு சுமார் 1,280 கிலோமீட்டர் வேகத்துல விலகுது. ஆண்ட்ரோமீடா வெறும் கண்ணுக்கே நவம்பர், டிசம்பர்ல தெரியும், ஆனா அது 5வதுல சொன்ன மாதிரி இந்த கணக்குல வராது.

8 இன்ச் வச்சிருக்கறவங்க அதே கன்னில 3சி 273 தேடிப் பாருங்க, 13வது ரேங்க் பிரகாசம் (நம்பர் கூடக் கூட மங்கல்), பாக்க ஒரு சாதாரண நட்சத்திர புள்ளி, நிஜத்துல அது ஒரு குவாசார், சுமார் 240 கோடி ஒளியாண்டு. அதோட இடத்த துல்லியமா பிடிச்சதும் 1962ல நிலா மறைக்கறத வச்சுத்தான், 6வதுல ஊட்டிக்கு சொன்ன அதே முறை, ஆனா ஆஸ்திரேலியாவுல. மேப் இல்லாம கண்டுபிடிக்க முடியாது, மொபைல் ஆப்ல அந்த பேர போட்டா இடம் காட்டும். அமாவாசை ஒட்டி பாருங்க, ஏப்ரல் பாதிக்கு மேல சாயந்திர மழை ஆரம்பிச்சு மேகம் கட்டிக்கும், அதுக்குள்ள முடிச்சுக்கோங்க. பக்கத்துல ரிசார்ட் இருந்தா அந்த வெள்ளை ஃபோகஸ் லைட்ட ஒரு மணி நேரம் அணைக்க சொல்லி முன்னாடியே பேசி வைங்க, கேட்டா பெரும்பாலும் அணைக்கறாங்க.